யார் மலைக்கு, யார் மணலுக்கு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த ஆலையில், இந்த வருஷ நடைப் பயணத்துக்கு எல்லாருக்கும் கையில் கட்ட ஒரு கடிகாரம் கொடுக்கப் போகிறார்களாம். நாடித் துடிப்பு, ஏறிய படிகள், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் அது எண்ணிச் சொல்லுமாம். அதை வைத்து, யார் மலைக்குப் போகலாம், யார் கடற்கரையோடு நிற்கலாம் என்று கம்ப்யூட்டரே பட்டியல் போட்டுவிடுமாம். என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் போன் செய்து, நீங்கள் எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டாள். பார்த்துப் பிரித்தேன் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், இதெல்லாம் ஒரு பதிலா என்று எனக்கே பட்டது. பார்த்துத்தான் பிரித்தேன். ஒரே ஒருவரைப் பார்க்காமல் விட்டேன். அதையும் சேர்த்து எழுதினால்தான் அவளுக்கு உபயோகம்.

திருவள்ளூரில் நர்சிங் படித்தேன். நாலைந்து வருஷம் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவும் பகலுமாக ஓடினேன். கல்யாணமாகி பொன்னேரிக்கு வந்த பிறகு, ரயிலில் போய்வரத் தோதாக இருக்கிறதே என்று இந்த ஆலையின் முதலுதவி அறையில் சேர்ந்தேன். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலை. முதல் பத்து வருஷமும் தீக்காயம், கண்ணில் தூசு, நசுங்கிய விரல் என்றே போயிற்று. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எல்லா ஆலையிலும் அதேதான்.

பிறகு, நாற்பது தாண்டியவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் என்று தெரிந்ததும், நிர்வாகம் வருஷத்துக்கு ஒரு நடைப் பயணம் என்று ஆரம்பித்தது. பொங்கல் கழிந்து, பராமரிப்புக்காக உலையை அணைக்கும் வாரத்தில் ஒரு நாள். ஏற்பாடு முழுவதும் என் தலையில் விழுந்தது. நர்சுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். யாராவது விழுந்தால் சம்பந்தம் வந்துவிடும் என்றார் மேனேஜர்.

முதல் வருஷம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று தாள் எழுதி, கேட்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதலாம் என்றேன். கடினத்தில் இடமில்லாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருந்தார்கள். நடுத்தரத்தில் நாலு பேர். எளிதில் ஒரே ஒரு பெயர், அதுவும் யாரோ கேலிக்காக மேனேஜர் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். விசாரித்தால், எளிதில் பெயர் இருந்தால் அடுத்த வருஷம் ஆள் குறைக்கும்போது அந்தத் தாளைத்தான் எடுப்பார்கள் என்று கேண்டீனில் பேச்சு. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு வழி சொன்னவர் ஆலை மருத்துவர் ஜமால். வாரத்தில் மூன்று நாள் வருவார். பழவேற்காட்டில் தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பம், இவர் ஒருவர்தான் டாக்டருக்குப் படித்தவர். கூட்டுகிறவர் முதல் முதலாளி வரை எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். தகுதி இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. "இப்போதைக்கு வேண்டாமே" என்பார். ஒருவருடைய உடல் தகுதி அட்டையில் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். ஒரு வாரம் கழித்து அந்த ஆளைத் திரும்ப வரவழைத்து, ஊர்க்கதை பேசி, வீட்டில் என்ன சமையல் என்று விசாரித்து, அதற்குப் பிறகுதான் பேனாவை எடுப்பார். எனக்கு அவசர புத்தி. இதற்கு ஏன் இத்தனை சுற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் அவர் பென்சிலில் எழுதியது பாதிக்குப் பாதி மாறியதையும் பார்த்திருக்கிறேன்.

அவர் என் மூன்று தாளையும் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. காலையில் எந்த ரயிலில் வருகிறீர்கள், அதில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டார். பாதிக்கு மேல் என்றேன். "நாளைக்கு நீங்க முதல்ல இறங்கி, ஸ்டேஷன் மேம்பாலத்து மேல போய் நில்லுங்க சிஸ்டர். யார் எப்படி ஏறி வர்றாங்கன்னு பாருங்க. நம்ம ரூம்ல படுக்க வச்சுப் பார்க்கிறப்ப எல்லாருமே நல்லாத்தான் இருப்பாங்க" என்றார்.

அப்படி இரண்டு வாரம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றேன். பூ விற்கிற அம்மா, யாருக்காக இப்படிக் காத்திருக்கிறேன் என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆனால் அந்தப் படிகள் சொன்னதை எந்தக் கருவியும் எனக்குச் சொன்னதில்லை. பேசிக்கொண்டே ஏறி, பேச்சு அறுபடாமல் மறுபக்கம் இறங்குகிறவர்கள் ஒரு ரகம். பாதியில் பேச்சை நிறுத்தி, மேலே வந்து மறுபடி தொடங்குகிறவர்கள் ஒரு ரகம். நடுப்படியில் போனை எடுத்துப் பார்க்கிறவர்கள் மூன்றாவது ரகம். அந்த இடத்தில் போன் பார்க்க ஒன்றும் இருக்காது. ஓடி ஏறுகிறவனை மட்டும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஷிப்டுக்கு நேரமானால் எவனும் ஓடுவான்.

வழிகளின் பெயரையும் டாக்டர்தான் மாற்றினார். மிகச் சுலபமான வழியின் முடிவில், பழவேற்காட்டில் அவருடைய உறவினர் வீட்டில் பிரியாணி ஏற்பாடு செய்தார். நடுவழிக்கு மீன் குழம்பு. மலை வழிக்குப் பொட்டலம் கட்டிய புளிசாதம், வேறொன்றும் கிடையாது. பலகையில் பிரியாணி வழி, மீன் வழி, புளிசாத வழி என்று எழுதினோம். அவ்வளவுதான், முழங்கால் வலி உள்ளவர்கள் எல்லாம் பிரியாணிக்காகத்தான் போகிறோம் என்று கௌரவமாகப் பெயர் கொடுத்தார்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பிரியாணியா என்று கேட்டேன். ஒரு நாள் பிரியாணி ஒன்றும் செய்யாது, ஒரு நாள் மலை செய்துவிடும் என்றார்.

வழி தேர்ந்தெடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வழியையும் நான் மூன்று முறை நடப்பேன். முதல் தடவை வெறுங்கையோடு. இரண்டாவது, முதலுதவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு. மூன்றாவது, கூட்டம் திரும்பிவரும் நேரத்து வெயிலில். தூரத்தை வைத்து வழியை எடை போடக் கூடாது. ஒருவரால் முடியாமல் போனால், அந்த இடத்திலிருந்து அவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் கேள்வி. பழவேற்காட்டில் பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் எங்கே வேண்டுமானாலும் ஆட்டோ வரும். அதனால் அது சுலபம், அதுதான் பிரியாணி வழி. அங்கிருந்து கடலோரமாக முகத்துவாரத்துப் பக்கம் போகும் மீன் வழி பார்க்கச் சமதளம்தான், ஆனால் சமதளம் என்று ஏமாறக் கூடாது. அலை தொட்ட ஈர மணல் கெட்டியாக இருக்கும். நாலடி தள்ளி உலர்ந்த மணலில் நடந்தால் கெண்டைக்கால் கழன்றுவிடும். நிழலும் கிடையாது. நீர் வற்றும் நேரம் எது என்று மீனவக் குப்பத்து ஆட்களிடம் கேட்டுக்கொண்டு, விடியும்போதே நடக்கத் தொடங்க வேண்டும். மலை, ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம் பக்கம். ஓடையைப் பிடித்துப் பாறை மேல் பாறையாக ஏற வேண்டும், வழியில் மூன்று மடு. நிழலுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டாவது மடுவைத் தாண்டினால் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாது. வனத்துறை அனுமதியும், அடிவாரத்து ஊரிலிருந்து இரண்டு வழிகாட்டிகளும் இல்லாமல் ஒருவரையும் அழைத்துப் போனதில்லை. இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும் என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுவேன். யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்படி ஏழெட்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிற்று. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

முனிரத்தினம் உலைப் பிரிவின் மேஸ்திரி. ஊர் ஆரம்பாக்கம். ஐம்பத்து மூன்று வயது, தேக்குமரம் போன்ற உடம்பு. உருகிய இரும்பைச் சாய்க்கும்போது அவர் கை அசைவுக்குத்தான் பத்துப் பேர் அசைவார்கள். வாய் ஓயாத மனிதர். என்னைப் பார்த்தால், "இன்னா சிஸ்டர், இன்னிக்கி யாரக் குத்தப் போறீங்க?" என்று கேட்காமல் தாண்டமாட்டார். வருஷா வருஷம் மலை வழிதான். அந்த வருஷம் பட்டியல் போடும்போது, அவரைச் சமீபத்தில் மேம்பாலத்தில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. பஸ்ஸில் வருகிறாராம், ரயிலில் கூட்டம் பேஜாராக இருக்கிறதாம் என்று யாரோ சொன்னார்கள். சரி என்று விட்டுவிட்டேன். முனிரத்தினத்தையெல்லாம் நிற்க வைத்துப் பார்க்க வேண்டுமா என்ற நினைப்பு. அவருடைய முந்தைய பரிசோதனைத் தாளும் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் படுக்க வைத்து எடுத்ததுதான். புளிசாத வழியில் முதல் பெயராக அவர் பெயரை எழுதினேன்.

அன்றைக்கு மலைக்கு என்னையும் சேர்த்துப் பதினெட்டு பேர். டாக்டர் வழக்கம்போலப் பிரியாணிக் கூட்டத்தோடு பழவேற்காட்டில். மலையில் நான் எப்போதும் கடைசியில் நடப்பேன், பின்தங்குகிறவர்கள் என் கண்ணில் படுவார்கள் என்பதால். முனிரத்தினம் முதலில் போனார். முதல் மடு தாண்டியதும் பாறைகள் பெரிதாகின. ஒவ்வொரு பெரிய பாறையிலும் அவர் முதலில் ஏறி நின்று, கீழே கை நீட்டி ஒவ்வொருவரையும் தூக்கிவிட்டார். கடைசி ஆளான என்னையும் தூக்கிவிட்ட பிறகு, வேகமாக முன்னால் போய் அடுத்த பாறையில் நின்றுகொண்டார். அண்ணன் மாதிரி யார் வருவார்கள் என்று பையன்கள் மெச்சிக்கொண்டார்கள். நானும் மெச்சினேன்.

நாலாவது பாறையில்தான் எனக்குச் சுருக்கென்றது. அது இடுப்புயரம்கூட இல்லை. குழந்தை ஏறும். அதற்கும் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். பதினேழு பேர் ஏறி முடிக்கும் வரை நிற்கலாமே. அவர் யாரையும் தூக்கிவிடவில்லை, நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்தபோது அவர் உள்ளங்கை ஓடைத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது. நெற்றியில் வியர்வை. அரை மணி நேரமாக அவர் ஒருவரையும் கேலி செய்யவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பின்தங்குகிறவனைப் பார்க்கக் கடைசியில் நடந்த நான், முன்னால் போகிறவனைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது மடுவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. அதைத் தாண்டவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை. பதினாறு பேருக்கு முன்னால், உங்களுக்கு முடியவில்லை, இறங்குங்கள் என்றால் அவர் கேட்க மாட்டார். வீம்புக்கு இன்னும் வேகமாக ஏறுவார். அதனால் நான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கால் பிசகிவிட்டது, என்னைக் கீழே கொண்டுவிட பலமான ஆள் ஒருவர் வேண்டும் என்றேன். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்க்காததுபோல இருந்தேன். ஒரு வழிகாட்டி எங்களோடு வந்தார். மற்றவர்கள் முதலுதவி தெரிந்த சூப்பர்வைசரோடு இரண்டாவது மடு வரை மட்டும் போய்த் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மெதுவாக இறங்கினோம். பத்தடிக்கு ஒருமுறை கால் வலிக்கிறது என்று நான் உட்கார்ந்தேன், அவரும் உட்கார்ந்தார். முதல் மடுவுக்கு வந்ததும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சிஸ்டர், மேல எடது காலு நொண்டுனீங்க. இப்ப வலது காலு நொண்டுறீங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் நொண்டுவதை நிறுத்தினேன். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏழு மாசம் ஆவுது. அந்த பிரிட்ஜ் ஏற முடியல சிஸ்டர். நெஞ்சுல கல்லு வச்சா மாதிரி ஆவுது. நின்னா உட்டுடுது. நடுவுல நின்னா பசங்க பாக்குறானுங்க. அதான் ரயில உட்டுட்டு பஸ்ல வந்துக்கினு இருக்கேன்."

உலை மேடைக்கும் படி உண்டே, அதில் எப்படி ஏறுகிறீர்கள் என்று கேட்டேன். யாரும் வருவதற்கு முன்பே வந்து, ஒவ்வொரு படியாக ஏறி உட்கார்ந்துகொள்வாராம். ஷிப்டு முடியும்வரை இறங்கமாட்டாராம். சாப்பாடும் மேலேயே. மேஸ்திரிக்குத் தொழில் பக்தி அதிகம் என்று ஆலை முழுவதும் பேசிக்கொண்டது இதைத்தான். நான் மேம்பாலத்தில் நின்று ஊரையே பார்த்தேன். அந்தப் பாலத்தில் ஏற முடியாதவன் பாலத்துக்கே வரமாட்டான் என்று எனக்குத் தோன்றவில்லையே என்று நொந்துகொண்டேன். அவர் பெயரை மலைக்கு எழுதிய கை என்னுடையது.

பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்து, மென்று விழுங்கச் சொன்னேன். அடிவாரத்தில் வேன் நின்றது. அங்கே வந்தால்தான் போனில் சிக்னல். நான் போனை எடுத்ததும் அவர் கேட்டார்.

"டாக்டருக்கா?"

ஆமாம் என்றேன்.

"வேணாம் சிஸ்டர். என்ன ஊட்டுல எறக்கிவுட்டுடுங்க. நாளைக்கி நானே போய்ப் பாத்துக்கறேன். ஆலைக்குத் தெரிஞ்சா என்ன உலைலேர்ந்து எறக்கிடுவாங்க. இருபத்தாறு வருசம் சிஸ்டர். அங்க நிக்கலன்னா நான் யாரு?"

அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.  வீட்டில் இறக்கிவிட்டால் அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். உருகிய இரும்பு சாயும் நேரத்தில் அந்த நெஞ்சுவலி வந்தால், அவரோடு போகாது. இன்னும் பத்துப் பேர் அங்கே நிற்கிறார்கள். "உங்க முன்னாடியே சொல்றேன் முனிரத்தினம். பின்னாடி போய்ச் சொன்னேன்னு இருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு நம்பரை அழுத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார். எங்கும் நிற்காமல் சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார். 

இரண்டு அடைப்பு. இரண்டுக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, டாக்டர் ஜமால் தகுதி அட்டையை எடுத்தார். நான் பென்சிலை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துப் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன் என்னைக் கேட்டார்.

"நான் கண்டுபிடிச்சதா எழுதட்டுமா? நீங்க சொன்னதா எழுதட்டுமா?"

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவைத்தார் என்று புரிந்தது. உலைப் பிரிவு ஆட்கள் தினமும் என் அறைக்குத்தான் வர வேண்டும். அவர் வாரத்துக்கு மூன்று நாள் வந்துபோகிறவர். பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தார். நான் சொன்னதாகவே எழுதுங்கள் என்றேன். முகத்துக்கு நேராகச் சொன்ன ஒன்றை, தாளில் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் எழுதினார். முனிரத்தினம் உலையிலிருந்து இறங்கி, லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையின் அறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு உலைப் பிரிவில் யாரும் என் அறைக்கு வரவில்லை. தீப்பொறி பட்டால் தாங்களே மருந்து தடவிக்கொண்டார்கள். நான் எதிரே வந்தால் பேச்சு நிற்கும். மேஸ்திரியைக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர். முனிரத்தினம் எடை மேடை ஜன்னலுக்குள்ளிருந்து என்னைப் பார்ப்பார், ஆனால் பேசமாட்டார். யாரைக் குத்தப் போகிறீர்கள் என்ற கேள்வி ஒரு வருஷமாக என் காதில் விழவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, வலித்தது.

அடுத்த வருஷப் பட்டியலுக்கு, தாளைப் பலகையில் ஒட்டவில்லை. ஒவ்வொருவரிடமும் தனியாக, வேலைக்கு எப்படி வருகிறீர்கள், போன வருஷமும் அப்படித்தான் வந்தீர்களா என்று கேட்டேன். வழியை மாற்றிக்கொண்டவர்கள் எல்லாரையும் டாக்டரிடம் அனுப்பினேன். அதில் இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். அது நான் ஓய்வு பெறும் வருஷம். இந்தத் தடவை மலைக்கு நான் போகிறேன், நீங்கள் மணலுக்குப் போங்கள் என்றார் டாக்டர். அவர் நீட்டிய பட்டியலில், மீன் வழிக்குப் பெயர் கொடுத்தவர்களின் கடைசியில், முனிரத்தினமே தன் கையால் பெயரை எழுதியிருந்தார்.

விடிகிற நேரத்தில் பழவேற்காட்டுப் பாலத்தைக் கடந்தோம். கலங்கரை விளக்கத்தருகே டீ குடித்துவிட்டு, கடலோரமாக நடக்கத் தொடங்கினோம். நான் வழக்கம்போலக் கடைசியில். சிறிது நேரத்தில் முனிரத்தினம் நடையைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார்.  அவர்தான் ஆரம்பித்தார்.

"அந்த ரூம்புல ஃபேன் போட்டு வச்சிருக்கானுங்க சிஸ்டர். உலைகிட்ட நின்னவன் நானு. எனக்குக் குளுரு எடுக்குது. லாரிக்காரன் வந்து, இன்னா நைனா, சீக்கிரம் எடை போடுன்றான். என்னப் பாத்து. உங்களால தான் இது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சும்மா இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

நிறுத்தவே இல்லை. புதிதாக வந்த மேஸ்திரிக்கு உலை வாயின் நிறம் பார்க்கத் தெரியவில்லை என்றார். தன் சம்சாரம் உப்பில்லாமல் போடும் குழம்புக்கும் நான்தான் காரணம் என்றார். மலையில் நான் நொண்டியதை நொண்டிக் காட்டினார். டாக்டரைத் திட்டினார், மேனேஜரைத் திட்டினார், திரும்ப என்னிடம் வந்தார். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அந்த ஈர மணல் முழுவதும் கொட்டினார்.  நான் மன்னிப்பு கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததை உப்புக்காற்று என்று அவர் நினைத்திருக்கலாம்.

முகத்துவாரம் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்திலும் மூச்சு வாங்க நிற்கவில்லை.